றிவோல்வரும் ஒன்பதாம் கேள்வியும்

நடந்த அநியாயத்தை நடந்த ஒழுங்கிலேயே எழுத வேண்டும் என்பது மனு எழுதும் தொழிலின் முதல் சட்டம். ஒழுங்கு பிசகினால் கந்தோர் அதிகாரிகள் அநியாயமே நடக்கவில்லை என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே என்னுடையதை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, ஏழாம் வகுப்பில் ஒரு பள்ளிக்கூட மனேச்சர் என்னை வாங்கிலிருந்து எழுப்பி நிலத்தில் இருத்தினார். அடுத்த நாள் நான் போகவில்லை. இரண்டாவது, ஒரு தேத்தண்ணிக் கடையில் மற்றவர்களுக்குக் கிளாசிலும் எங்கள் ஆட்களுக்குப் போத்தலிலும் தேத்தண்ணி கொடுத்தார்கள். மூன்றாவது, சங்கம் தொடங்கியதற்காக ஒரு முதலாளி என்னைச் சுருட்டுக் கொட்டிலிலிருந்து வெளியே போட்டார். நான்காவது, அந்தச் சங்கத்தை ஒரு தலைவர் என் முதுகுக்குப் பின்னால் இரண்டாக உடைத்து, நல்ல பாதியைத் தான் எடுத்துக்கொண்டார். ஐந்தாவது, காவலில் ஓர் அதிகாரி என் மூக்குக்கண்ணாடியைச் சப்பாத்தால் மிதித்தார். ஆறாவது, இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது என் நோட்டீஸ்கள் இருந்த பெட்டியை யாரோ அடுப்பில் எரித்திருந்தார்கள். ஏழாவது, வயது போனபின் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பேச மட்டும் விடவில்லை.

ஏழாம் வகுப்புக்குப் பிறகு நான் படித்ததெல்லாம் நோட்டீஸ்களில்தான். சுருட்டுக் கொட்டிலில் பத்துப் பேர் சுற்ற, ஒருவன் பத்திரிகையும் துண்டுப்பிரசுரமும் உரத்து வாசிப்பான். அந்த ஒருவன் நான். அந்த வாசிப்பும் எழுத்தும்தான் இன்று அரச கந்தோர் இருக்கும் கச்சேரியடி ஒழுங்கையில், சுகந்தியின் போட்டோக்கொப்பிக் கடைக்குப் பக்கத்தில், வேப்பமரத்தின் கீழ் ஒரு மேசையோடு என்னை வைத்திருக்கின்றன. ஊர் என்னைக் கொம்றேட் என்று கூப்பிடும். வரிசையில் நின்று கால் வீங்கியவர்களே, திரும்பி வந்த படிவங்களை உரப்பையில் கட்டி வைத்திருப்பவர்களே, இது உங்களுக்காக எழுதுவது. கொஞ்சக் காலமாக என் மேசைக்குப் புதுவிதமான ஆட்கள் வருகிறார்கள். சுயபாதுகாப்புக்கு றிவோல்வர் வேண்டுமாம், அதற்கு விண்ணப்பம் நிரப்ப வேண்டுமாம். துவக்குக் குழலின் முன்னால் நின்றிருக்கிறேனே தவிர, பின்னால் ஒருநாளும் நின்றதில்லை. ஆகவே எனக்கு அதில் பெரிய விடுப்பு, அறியும் ஆவல்.

எது பெரிசோ அது

முதல் ஆள் சுவிசிலிருந்து வந்து நல்லூரில் மேல்மாடி வீடு கட்டியவர். பெயர் வேண்டாம், தொழில் மரியாதை. மதிலின் மேல் கண்ணாடித் துண்டு, வாசலில் கமரா, உள்ளே இரண்டு நாய். இத்தனைக்கும் மேல் ஒரு றிவோல்வர். படிவத்தில் ஆயுதத்தின் வகை, குழல்வாயின் அளவு என்று இரண்டு கட்டம் இருந்தது. “முப்பத்தெட்டு எண்டால் என்ன, நாற்பத்தைஞ்சு எண்டால் என்ன?” என்று வெட்கப்படாமல் கேட்டேன். ஓர் அங்குலத்தை நூறாகப் பிரித்தால் அதில் அத்தனை பங்கு வாய் அகலம் என்றார். அடிமட்டத்தை எடுத்துக் கடதாசியில் வட்டம் கீறிப் பார்த்தேன். முப்பத்தெட்டு ஒரு கடலைக்கொட்டை அளவு. நாற்பத்தைந்துக்குள் என் சின்னவிரல் நுனி அடங்கியது.

தொலைபேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். ஒவ்வொன்றாகப் பெரிதாகிக்கொண்டே போய், கடைசியில் ஒன்று சின்னப் பீரங்கி மாதிரி இருந்தது. அதில் விரலை வைத்து, “இது” என்றார். முப்பத்தெட்டுப் பட்டாலும் மனிசன் செத்துப்போவான்தானே, பிறகு ஏன் இவ்வளவு பெரிசு என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் ஏழாம் வகுப்பு தெரிந்தது.

“அண்ணை, முப்பத்தெட்டைக் காட்டினால் கள்ளன் நிண்டு யோசிப்பான். நாற்பத்தைஞ்சைக் காட்டினால் ஓடிப்போடுவான். ஓடாமல் நிண்டானெண்டால் பிறகு நான் என்ன செய்யிறது, சுட ஏலுமோ?”

ஒன்றேகால் கிலோ

சுகந்தியின் கடைக்கு ஒவ்வொரு காலையும் ஓசிப் பேப்பர் வாசிக்க ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன் ஒருவர் வருவார். ஒருகாலத்தில் என் ஊர்வலத்தைக் குண்டாந்தடியோடு மறித்தவர். இப்போது என் வாங்கிலேயே இருந்து என் வெற்றிலையையே போடுகிறார். அவரிடம் விளக்கம் கேட்டேன். பெரிய வாய் என்றால் குண்டு பெரிது, குண்டு பெரிதென்றால் இரும்பு தடிப்பு, இரும்பு தடித்தால் பாரம்; ஆறு குண்டும் போட்டால் ஒன்றேகால் கிலோ வரும் என்றார். “உதை இடுப்பிலை செருகிக்கொண்டு திரியிறதெண்டால் சும்மாவே?” என்று சிரித்தார்.

அறியாத ஒன்றை எழுதிக் கொடுப்பது எனக்கு மானக்கேடு. பலசரக்குக் கடையில் ஒரு கிலோப் படிக்கல்லும் கால் கிலோப் படிக்கல்லும் இரவல் வாங்கி, துணிப்பையில் கட்டி, இடுப்பில் கட்டிய சாரத்தின் மடிப்புக்குள் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். சண்டிலிப்பாயில் ஒரு விண்ணப்பகாரரைப் பார்க்க வேண்டியிருந்தது. ஆனைக்கோட்டை வரைக்கும் இரும்பு இடுப்பெலும்பில் குத்தியது. மானிப்பாய்ச் சந்தியில் பள்ளத்தில் ஒரு துள்ளு. படிக்கல் கீழே போக, சாரமும் அதற்கு மரியாதை செய்து கூடவே போனது. நான் இரண்டு கையாலும் சாரத்தைப் பிடித்தேன். சைக்கிள் தன் விருப்பத்துக்குப் போய்க் கத்தரிக்காய்க் குவியலுக்குள் நின்றது. தள்ளாடிக்கொண்டு நிற்கையில் மரக்கறிக்காரப் பெண் எழும்பி நின்று, தன் பக்கத்துக் கடைக்காரிகளையும் மறுபக்கம் திருப்பிவிட்டுச் சொன்னாள்:

“ஐயா, பயப்பிடாமல் கையை எடுத்து ஹாண்டிலைப் பிடியுங்கோ, நாங்கள் அங்காலை பாக்கிறம்.”

நல்லது கெட்டது

சண்டிலிப்பாய்க்காரர் புகையிலையும் வெங்காயமும் செய்கிறவர். தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பை இரண்டு தரம் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மூன்றாம் தரம் இவர் தடுக்கப் போக, மண்வெட்டிப் பிடியால் தோளில் அடி. றிவோல்வர் வேண்டும் என்று நின்றார். பெரியதே வேண்டும். நான் இடுப்பைத் தடவிக்கொண்டே எழுதினேன். பெயர், விலாசம், தொழில், காணி உறுதி எல்லாம் ஓடியது. பிறகு ஒன்பதாம் கேள்வி வந்தது: விண்ணப்பதாரரை அச்சுறுத்துபவர் யார்?

“இனந்தெரியாத நபர்கள்” என்றார் யோசிக்காமல். பட்டப்பகலில், தோட்டத்து வரம்பில், முகத்துக்கு முகம் நின்று வாங்கிய அடி. அடித்தவன் வேலியால் பாய்ந்து பக்கத்து வளவுக்குள் போயிருக்கிறான். பக்கத்து வளவு யாருடையது என்று கேட்டேன். மனைவியின் தமையனுடையது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேள்வி கேட்கத் தெரியாதவனுக்குச் சொல்வது மாதிரிப் பொறுமையாகச் சொன்னார்:

“ஓம், மச்சான்தான். அவனைச் சுட்டுப்போட்டாலும் சமாளிக்கலாம், கொம்றேட். பேரை எழுதிப்போட்டால் பிறகு நல்லது கெட்டதுக்குப் போய்வர ஏலாதெல்லே.”

றப்பர் சீல்

அதற்குப் பிறகு நான் கவனித்துப் பார்த்தேன். வந்தவர்கள் எல்லோரும் குழல்வாயின் அளவைத் துல்லியமாகச் சொன்னார்கள். எந்தக் குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று சொன்னார்கள். ஒன்பதாம் கேள்விக்கு வந்ததும் ஒரே விடைதான். மதிலால் பாய்ந்தவன், வாளோடு வந்தவன், காணிக்குள் கல்லெறிந்தவன் எல்லாரும் இனந்தெரியாத நபர்கள். நீங்களும் எங்கோ ஒரு முறைப்பாட்டில் அப்படி எழுதியிருப்பீர்கள். எனக்குத் தெரியும், உங்களில் சிலருக்கு நான்தான் எழுதித் தந்திருப்பேன்.

எனக்குக் கை நடுங்குகிற வயது. ஒரே விடையைத் திரும்பத் திரும்ப எழுதுவானேன்? சுகந்தி போட்டோக்கொப்பியோடு றப்பர் சீலும் செய்து கொடுப்பாள். அவளிடம் சொல்லி “இனந்தெரியாத நபர்கள்” என்று ஒரு சீல் வெட்டுவித்தேன். ஊதா மை. ஒன்பதாம் கேள்விக்கு நேரே ஒரு குத்து, முடிந்தது. நல்ல கண்டுபிடிப்பு என்று நானே மெச்சிக்கொண்டேன். ஒரு மாதம் கழித்துக் கந்தோரில் விண்ணப்பம் பாரமெடுக்கும் இளம் எழுதுவினைஞர் என்னை யன்னலுக்குக் கூப்பிட்டு, ஒரு கட்டுப் படிவத்தைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துக் காட்டினார்.

“கொம்றேட், உங்கடை சீலைப் பாத்தால் யாழ்ப்பாணம் முழுக்க ஒரே ஆள்தான் திரிஞ்சு எல்லாரையும் வெருட்டுறான் போலை கிடக்கு.”

கிட்டப் போகமாட்டன்

குருநகர் றெஜினா வந்தது அந்தக் கிழமைதான். ஐம்பது வயது மதிக்கலாம். கணவன் செத்துப்போன பிறகு அவனுடைய படகைத் தானே தொழிலுக்கு விடுகிறாள். கரையோரப் பெண்கள் சங்கத்துக்கும் அவள்தான் தலைவி. கடைசியாக நடந்ததை முதலில் சொன்னாள், எல்லோரையும் போல. நான் ஒழுங்கில் வைத்தேன். முதலாவது, கரையோரக் களங்கடலில் ஒருவன் தடைசெய்த தங்கூசி நைலோன் வலை போட்டு இறால் குஞ்சையெல்லாம் அள்ளுகிறான் என்று சங்கக் கூட்டத்தில் எழும்பிச் சொன்னாள். அடுத்த கிழமை அவளுடைய நண்டுவலை துண்டுதுண்டாகக் கிடந்தது. இரண்டாவது, படகின் இயந்திரத்தைக் கழற்றிச் சேற்றுக்குள் தாட்டிருந்தார்கள். மூன்றாவது, ஞாயிறு பூசைக்குப் போய் வர, வேலிப் படலையும் முன்கதவும் வாளால் வெட்டுப்பட்டுக் கிடந்தன. நான்காவது, சந்தையில் ஒருவன் உரசிக்கொண்டு போகையில், அடுத்தது கை என்று காதுக்குள் சொல்லிவிட்டுப் போனான். இப்போது இரண்டு பெண்பிள்ளைகளும் ரியூசனுக்குப் போவதில்லை. படகு கரையில் ஏற்றிக் கிடக்கிறது. இப்படியே கிடந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு மன்னாரில் தங்கை வீட்டுக்குப் போவதைத் தவிர வழியில்லை என்றாள். பொலிசில் மூன்று தரம் முறைப்பாடு. மூன்றிலும் இனந்தெரியாத நபர்கள்.

எந்த றிவோல்வர் என்று கேட்டேன். மற்றவர்கள் படம் பார்த்தார்கள். இவள் கேள்வி கேட்டாள். உப்புக்காற்றுக்குத் துரு ஏறுமோ? நனைந்த கையால் பிடித்தால் வழுக்குமோ? படகு ஆடும்போது சரியாகச் சுடலாமோ? எனக்கு ஒன்றுக்கும் விடை தெரியவில்லை. சரி, அளவு என்ன என்றேன். இருப்பதில் பெரியது என்றாள். ஏன் எல்லோருக்கும் பெரியதே வேண்டியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டே, கைப்பழக்கத்தில் றப்பர் சீலை மையில் தோய்த்து ஒன்பதாம் கேள்விக்கு மேலே பிடித்திருந்தேன். அவள் சொன்னது காதில் விழுந்தது. விழுந்த பிறகும் குத்திவிட்டேன்.

“சின்னன் எண்டால் அவனுக்குக் கிட்டப் போகவேணும், அண்ணை. இனி நான் அவனுக்குக் கிட்டப் போகமாட்டன்.”

திறப்பு

அவளுடைய கேள்விகளுக்கு விடை தேடி மானிப்பாயில் ஒரு வயதான டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். தகப்பன் காலத்து நாற்பத்தைந்து றிவோல்வர் ஒன்று அவரிடம் அனுமதியோடு இருக்கிறது. வருடாவருடம் அனுமதி புதுப்பிக்கும் படிவத்தை நான்தான் நிரப்புகிறேன்; பழையதில் உள்ள இலக்கத்தை அப்படியே பார்த்து எழுதுவேனே தவிர, துவக்கைக் கண்டதில்லை. திறப்பைப் பூட்டுக்குள் போட்டு இரும்பு அலுமாரியைத் திறந்து, ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, பிளனல் துணியை விரித்து, குண்டு போடும் சில்லைச் சுழற்றி வெறும் ஆறு ஓட்டையையும் காட்டிவிட்டு அவள் கையில் கொடுத்தார். இடையில் நான் வாங்கிப் பிடித்தபோது முன்பக்கம் தரையைப் பார்த்தது. அவள் நங்கூரம் தூக்கிய கை, அசையாமல் நின்றது. உப்புக்காற்றுக்குத் துரு ஏறும், கிழமைக்கு ஒருதரம் எண்ணெய் போட வேண்டும், சுட்டால் மணிக்கட்டு மேலே எகிறும், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், படகில் நின்று சுட்டால் கொக்கும் சாகாது என்று டொக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்கு வியப்பு. அவளுக்கும்தான், சில்லை மெதுவாகச் சுழற்றி அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இதாலை ஆரையும் சுட்டனீங்களோ, டொக்டர்?” என்றாள்.

“இல்லைப் பிள்ளை. கடவுள் காப்பாத்தினார்.”

“ஆரையும் வெருட்டினனீங்களோ?”

முன்பு இந்த வீட்டுக்குள் ஒரு கள்ளன் புகுந்து கைமணிக்கூடும் றேடியோவும் கொண்டு போனது எனக்குத் தெரியும். அந்த முறைப்பாடும் நான் எழுதியதுதான். அப்போது இந்தத் துவக்கு எங்கே இருந்தது என்று கேட்டேன். டொக்டர் வாய் திறக்க முன், தேத்தண்ணி கொண்டுவந்த அவர் மனைவி பதில் சொன்னார்:

“அலுமாரிக்குள்ளைதான் கிடந்தது, தம்பி. அண்டைக்கு நான் திருச்சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தன். திறப்பு என்ரை ஹான்ட்பாக்குக்கை.”

நல்ல நோட்டீஸ்

றெஜினாவின் விண்ணப்பம் திரும்பி வந்தது. ஒன்பதாம் கேள்விக்குச் சீல் செல்லாது, அச்சுறுத்துபவர் யாரென்று சத்தியக்கடதாசி இணைக்கவும் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. நான் யன்னலில் நின்று பழைய தொண்டையில் கத்தினேன். ஏழைக்கு ஒரு சட்டமா என்றேன், அதிகாரத் திமிர் என்றேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இளம் எழுதுவினைஞர் கன்னத்தில் கைவைத்து முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். மேசைக்குத் திரும்பியதும் றெஜினா மெல்லக் கேட்டாள்: “அண்ணை, நீங்கள் அந்தக் காலத்திலை நோட்டீஸ் அடிச்சனீங்களாம். அதிலை பேர் போட்டனீங்களோ?” போடாமல்? முகமூடியைக் கிழித்தவன் நான் என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, நாளைக்கு வாறன் என்று போனாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வி சைக்கிளின் பின்னால் வந்தது. இந்தக் கட்டுரையின் தொடக்கத்துக்கு ஒருதரம் போய்வாருங்கள். ஏழு அநியாயம், நடந்த ஒழுங்கில், கச்சிதமாக. ஒரு மனேச்சர், ஒரு முதலாளி, ஒரு தலைவர், ஓர் அதிகாரி. பெயர் ஒன்றாவது இருக்கிறதா? எல்லாப் பெயரும் எனக்கு இன்றைக்கும் தகப்பன் பேரின் இனிசலோடு தெரியும். பயத்தில் விட்டேன் என்றால் என் தன்மானம் ஒப்புக்கொள்ளாது. அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், ஒரே ஊர், ஒரே சுடலை. அதுதான் காரணம். சண்டிலிப்பாய்க்காரர் சொன்னதும் அதுதானே.

அப்போதுதான் சின்னையாவின் ஞாபகம் வந்தது. எங்கள் கொட்டிலில் சுருட்டுச் சுற்றிய மனிதன். கூலி கேட்டதற்கு முதலாளி கைத்தடியால் அடித்து அவர் வலக்கையின் இரண்டு விரலை முறித்தார். விரல் போனால் சுருட்டுக்காரனுக்குப் பிறகு என்ன இருக்கிறது? நான் ஓர் இரவும் பகலும் இருந்து நோட்டீஸ் எழுதினேன். உழைப்பாளியின் விரலை ஒடித்த கொடுங்கோலனே என்று தலைப்பு. இரண்டு பக்கம், இடைவெளியில்லாமல் நெருப்பு. கொட்டிலில் நானே எழும்பி நின்று வாசித்தேன். கைதட்டினார்கள். சின்னையா தட்ட முடியாமல் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டுவிட்டு, மரியாதையாகவே சொன்னார்:

“தோழர், நோட்டீஸ் வலு திறம். ஆரைப் பற்றி எண்டுதான் விளங்கேல்லை.”

வாசித்துக் காட்டல்

அடுத்த நாள் காலை றெஜினா வந்தாள். நான் றப்பர் சீலை மேசையின் இழுப்பு லாச்சிக்குள் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தேன். “பிள்ளை, உனக்கு ஆளைத் தெரியும். தெரியாதெண்டு நான் எழுதினதுதான் பிழை. இப்ப என்ன செய்வம்? நீ சொன்னால் எழுதுவன், சொல்லாட்டி இந்தப் படிவம் இதோடை நிண்டிடும்” என்றேன். அவள் வேப்பம்பூவைக் காலால் ஒதுக்கினாள். பிறகு சொன்னாள். “அவன் என்ரை ரெண்டாவது பெட்டையின்ரை ஞானத்தகப்பன், அண்ணை. என்ரை மனிசன்ரை கூட்டாளி. செத்தவீட்டிலை பெட்டி தூக்கினதும் அவன்தான்.” அதுதான் மூன்று முறைப்பாட்டிலும் விழுங்கிய சொல். பெயரைச் சொன்னாள். தகப்பன் பெயரோடு எழுதினேன்.

சத்தியக்கடதாசிக்குக் கையெழுத்து வைக்க ஒழுங்கையின் எதிர்ப்பக்கத்து விறாந்தையில் ஒரு சமாதான நீதவான் இருக்கிறார். ஓய்வுபெற்ற அதிபர், மாஸ்டர் என்போம். பத்திரத்தை மேலோட்டமாகப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. சும்மா கையெழுத்து வைக்கிறவர், அன்றைக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்றார். சுகந்தி கடையை விட்டு வந்தாள். சார்ஜன் பேப்பரை மடித்துக்கொண்டு வந்தார். சத்தியம் செய்கிறவருக்கு வாசித்து விளங்கப்படுத்த வேண்டும் என்பது சட்டம். மாஸ்டருடையது நல்ல வாசிப்பு. நண்டுவலை, இயந்திரம், படலை, கை எல்லாம் வகுப்பில் பாடம் சொன்ன மாதிரி வந்தது. இவற்றைச் செய்வித்தவர் என்ற இடத்தில் குரல் தாழ்ந்து, “மேற்படி நபர்” என்று போய்விட்டது.

“மாஸ்டர், ஒண்டு விட்டிட்டியள்” என்றாள் றெஜினா.

“பிள்ளை, உங்கை ஒழுங்கையிலை ஆக்கள் நிக்குது. குருநகர் ஆக்களும் நிக்குது.”

“தெரியும் மாஸ்டர். உரத்து வாசியுங்கோ.”

“எழுத்திலை கிடக்குத்தானே, பிறகென்ன? உனக்கும் எனக்கும் தெரிஞ்சால் போதும்.”

“என்ரை பிள்ளைக்கு ஞானஸ்நானத் தண்ணி வாத்த அண்டைக்கு, ஞானத்தகப்பன் எண்டு அவன்ரை பேரைச் சுவாமியார் கோயில் முழுக்கக் கேக்க வாசிச்சவர். இதையும் அப்பிடித்தான் வாசிக்கவேணும்.”

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பார்வை சரியில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு கடதாசியை என் பக்கம் நீட்டினார். புதிதாக நிரப்பத் தொடங்கிய றிவோல்வர்ப் படிவமும் அதோடு கூட வந்தது. குழல்வாயின் அளவு என்ற கட்டம் இன்னும் வெறுமையாகக் கிடந்தது. அதற்கு என்ன எழுத என்று றெஜினாவைக் கேட்டேன். “அதை நீங்களே பாத்து எழுதுங்கோ” என்றாள், அதைப் பார்க்காமலே. அவள் பார்வை ஒழுங்கையில் நின்றவர்களின் மேல் இருந்தது. கந்தோர் வரிசையில் நின்ற ஒருவன் தன் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து எங்கள் பக்கம் திரும்பினான். சார்ஜன் எழும்பி விறாந்தைப் படியில் போய், ஊர்வலம் மறித்த காலத்து நிலையில், இந்த முறை எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். சுகந்தி ஓடிப்போய்க் கடையில் இரைந்துகொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தாள்.

நான் எழும்பி நின்றேன். கொட்டிலில் நின்ற மாதிரியே நின்றேன். ஐம்பது வருடம் மேடையிலும் நோட்டீசிலும் அநியாயக்காரரின் முகமூடியைக் கிழித்ததாகப் பெருமை பேசிய இந்த வாயிலிருந்து, சாட்சிகள் இருவரும் ஒழுங்கை முழுவதும் கேட்க, முதன்முதலாக ஓர் அநியாயக்காரனின் பெயர் முழுதாக வெளியே வந்தது:

“குருநகரைச் சேர்ந்த மனுவேற்பிள்ளை மகன் அருளப்பு றொபேட்.”